நாட்டு மரம், நாட்டுச் செடி மட்டும் பார்க்க எந்தத் தோட்டத்துக்குப் போகலாம்?

மேட்டாங்காட்டான் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. மூலனூர் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. தாத்தா காலத்தில் ஆடு மாடு மேய்ந்த காடு. இப்போது பாதி இடத்தில் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. அதை வேரோடு எடுத்துவிட்டு நம் ஊர் மரமாகவே வைக்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். ஒரு நர்சரியில் போய் "நாட்டு மரக்கன்று கொடுங்க" என்றால் மகாகனி, தைல மரம், தூங்குமூஞ்சி என்று எடுத்து வைக்கிறார். "இதெல்லாம் நாட்டு மரமா?" என்று கேட்டால், "நம்ம நாட்டுலதானுங்க வளருது" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?

சரி, கன்று வாங்குவதற்கு முன்னால் வளர்ந்த மரத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம், பெயர்ப்பலகை வைத்த தோட்டமாக இருந்தால் நல்லது என்று தோன்றியது. ஊட்டி, ஏற்காடு, கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மகள் ஆறாவது படிக்கிறாள், அவளுக்கும் செடிகளைப் பற்றி ஒரு நோட்டுப் போட வேண்டுமாம். அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. மூன்று பேரும்தான் வருவோம். எங்கே போகலாம், எந்த மாதம் போகலாம்? போனவர்கள் சொல்லுங்க.

குளிர்காற்று எழுதியது:

யோசிக்கவே வேண்டாம், ஊட்டிதான். மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும்போது போங்க. பாப்பாவுக்கும் பிடிக்கும், அம்மாவுக்கும் ஒரு மாற்றமாக இருக்கும். வெயிலுக்கும் தப்பிக்கலாம்.

கோபி டீச்சர் எழுதியது:

தம்பி, ஊட்டி வேண்டாம். குளிர்காற்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஊட்டித் தோட்டம் அழகான தோட்டம்தான். 1848இல் மெக்ஐவர் என்கிற ஆள் வந்து அந்தச் சரிவைத் தோட்டமாக்கத் தொடங்கினார். ஆனால் அந்தத் தோட்டத்தின் வேலையே வெளிநாட்டு மரத்தையும் பூவையும் இங்கே கொண்டு வந்து வளர்த்துக் காட்டுவதுதான். புல்தரையும் பாத்தியும் பார்த்துவிட்டு வரலாம். மூலனூரில் என்ன வைப்பது என்பதற்கு அங்கே பதில் கிடைக்காது. மே மாதக் கூட்டத்தில் எழுபது வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது அதைவிடப் பெரிய தண்டனை.

நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுத்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தத் தோட்டங்களுக்கெல்லாம் அலைந்த கால் இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. ஏற்காடு போகிறவர்களில் பாதிப் பேர் ஏரியில் படகு விட்டுவிட்டு, மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு இறங்கி விடுவார்கள். இந்தத் தோட்டத்துக்குள் வருகிறவர்களிலும் பல பேர் "என்ன, பூவே இல்லை?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போவதைப் பார்த்திருக்கிறேன். கல்யாண மேடையில் வைக்கிற ஊதா ஆர்க்கிட்டை மனதில் வைத்துக்கொண்டு போனால் அப்படித்தான் இருக்கும். நம் மலைகளில் வளர்கிற ஆர்க்கிட் பலவற்றின் பூ விரல் நகத்தளவுதான் வரும். சிலது அதைவிடச் சின்னது. அதனால் ஒரு கைலென்ஸ் எடுத்துக்கொண்டு போங்க, ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும்.

பூ இல்லாத நாளில் போனாலும் மகளுக்குக் காட்ட ஒன்று இருக்கிறது. ஆர்க்கிட்டின் வேர். மரத்தண்டைத் தொற்றிக்கொண்டு காற்றில் தொங்கும். காய்ந்திருக்கும்போது வெள்ளியைப் பூசியது போல வெளுத்து, நுனி மட்டும் பச்சையாகத் தெரியும். தோட்டக்காரர் தண்ணீர் தெளிக்கும் நேரமாகப் பார்த்து நில்லுங்க. தண்ணீர் பட்ட இடத்தில் அந்த வெளுப்பு போய், கண் முன்னாலேயே பச்சையாக மாறும். வேருக்கு மேல் பஞ்சு மாதிரி செத்த செல்களால் ஆன ஓர் உறை உண்டு. காய்ந்தால் அதற்குள் காற்று நிற்கும், வெள்ளையாகத் தெரியும். நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கிற பச்சையத்தை வெளியே காட்டிவிடும். அந்தச் செடிக்கு மண் கிடையாது. மழையும் மூடுபனியும் கொண்டு வருகிற தண்ணீரை இந்த உறையால்தான் பிடித்துக்கொள்கிறது. மரத்திலிருந்து அது எதையும் உறிஞ்சுவதில்லை, உட்கார இடம் மட்டும்தான் கேட்கிறது. "ஆர்க்கிட் ஒட்டுண்ணி" என்று நோட்டில் எழுதிவிடப் போகிறாள், பார்த்துக்கொள்ளுங்க. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே அப்படித்தான் எழுதுவார்கள்.

அங்கே குடுவைச் செடியும் வைத்திருக்கிறார்கள், பூச்சி தின்கிற செடி. குழந்தைகள் அதைவிட்டு நகர மாட்டார்கள். அது மேகாலயாச் செடி. இந்தியச் செடிதான், ஆனால் சேர்வராயன் மலைச் செடி இல்லை. நர்சரிக்காரர் உங்களைக் குழப்பியது இந்த இடத்தில்தான். 'இந்தியாவில் எங்கேயோ தானாக வளர்கிறது' என்பது ஒன்று, 'இந்த மண்ணில், இந்த மழையில் தானாக வளர்கிறது' என்பது இன்னொன்று. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. சேர்வராயன் மலைக்கே உரிய ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்கிற மரத்தைப் பற்றித் தோட்டத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்க. சூரியகாந்தி, சாமந்திக் குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் நமக்குத் தெரிந்ததெல்லாம் செடிதான், இது மரமாகவே நிற்கும். தானாக வளர்வது இந்த மலைப் பகுதியில்தான்.

ஏறும் வழியில் காபித் தோட்டங்களில் நெட்டை நெட்டையாக, இலைக்கு அடியில் வெள்ளி நிறமாக நிற்கும் மரம் சில்வர் ஓக். அது ஆஸ்திரேலியா. காபியும் வெளியூர்தான், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே கொண்டு வந்து வைத்தது. மலைமேல் பச்சையாகத் தெரிவதெல்லாம் மலையின் சொந்தச் செடி என்று மகளிடம் சொல்லிவிடாதீங்க.

ஆனால் ஏற்காட்டுப் பயணம் மகளுக்குத்தான், உங்கள் காட்டுக்கு இல்லை. அது 1500 மீட்டர் உயரம், பனி இறங்குகிற இடம். மூலனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற மேட்டுநிலம். வருசம் 600 மில்லிமீட்டரை ஒட்டி மழை, அதிலும் ஐப்பசி கார்த்திகையில் பெய்தால்தான் உண்டு. அங்கே பார்த்ததை ஆசைப்பட்டு இங்கே வைத்தால் முதல் சித்திரையைத் தாண்டாது.

உங்களுக்குக் கோயமுத்தூர்தான் சரி. வேளாண்மைப் பல்கலைக்கழகத் தோட்டம் கலப்படத் தோட்டம், வெளிநாட்டு மரமும் நாட்டு மரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எனக்கு அதுதான் பிடிக்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயமுத்தூருக்கு வந்தது. அங்கே வயதான மரங்கள் உண்டு. உங்களுக்கு வேண்டியதும் அதுதானே, பிளாஸ்டிக் பையில் ஒரு சாண் கன்றாக இருக்கும்போது எல்லா மரமும் ஒரே மாதிரிதான். தரை சமம், உட்காரக் கல் பெஞ்சு உண்டு, அம்மாவுக்குச் சிரமம் இல்லை. அதே வளாகத்தில் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும் இருக்கிறது, 1955இல் தொடங்கியது. தென்னிந்தியாவின் செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டிச் சேர்த்து வைத்திருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான். அது ஆராய்ச்சிக்காரர்களுக்கான இடம், பொழுதுபோக்குக்குப் போகிற இடம் இல்லை.

முடிந்தால் ஆர்.எஸ்.புரம் பக்கம் வன வளாகத்தில் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகத்தையும் பாருங்க. 1902இல் தொடங்கியது. மரங்களின் குறுக்குவெட்டை அடுக்கி வைத்திருப்பார்கள். மரம் வளர்க்கப் போகிறவர் பட்டையையும் இலையையும் பார்த்தால் போதாது, உள்ளே வைரம் எப்படி என்றும் பார்க்க வேண்டும். இரண்டு இடத்துக்குமே கிளம்பும் முன் போன் போட்டு நேரம் கேட்டுவிடுங்க. அரசு வளாகம், விடுமுறை என்றால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். தோட்டத்துக்குப் போவதற்கு முதல் வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் காட்டு வேலியை ஒரு சுற்றுச் சுற்றுங்க. பழைய கொறங்காடு என்றால் கிளுவை வேலி இருக்கும். கொப்பை வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்கிற முள்கிளுவை. அதன்மேல் பிரண்டை, கோவை, முடக்கத்தான், தூதுவளை, குன்றிமணி என்று ஒரு பட்டாளமே ஏறியிருக்கும். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்க. இலையை மட்டும் எடுக்காமல் பட்டை, முள், காய் எல்லாவற்றையும் கிட்டத்தில் எடுங்க. அப்புறம் தோட்டத்தில் போய்ப் பெயர்ப்பலகையோடு ஒத்துப் பாருங்க. "இது நம்ம வேலியில இருக்குதுங்கப்பா" என்று மகள் கத்துகிற இடத்தில்தான் அவளுடைய நோட்டு ஆரம்பிக்கும்.

விடத்தேரை பூத்திருந்தால் விடாதீங்க. ஒரு சின்னக் கதிர் தொங்கும். மேல்பாதி வெளிறிய ரோஜா நிறம், கீழ்ப்பாதி மஞ்சள். ஒரே பூ என்று நினைப்போம், அது பல பூக்கள் சேர்ந்த கதிர். ரோஜா நிறத்தில் இருப்பதெல்லாம் மலட்டுப் பூ, பூச்சியைக் கூப்பிடுவது மட்டும் அதன் வேலை. காய் பிடிப்பது கீழே இருக்கும் மஞ்சளில். ரோடு ஓரத்தில் முள்மரம் என்று நாம் ஒதுங்கிப் போகிற மரத்தில் இவ்வளவு ஏற்பாடு.

வெப்பாலையையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்க. காய் இரண்டிரண்டாகத் தொங்கும், இரண்டும் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒரு அடையாளம் போதும், இலையே இல்லாத கோடையிலும் மரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அரப்பு மரம், ஆச்சா, சரக்கொன்றை, வெள்வேல் எல்லாம் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும்.

எந்த மாதம் என்றால் ஒரே மாதத்தில் எல்லாம் கிடைக்காது. சித்திரையில் சரக்கொன்றை. மாசி பங்குனியில் புரசு, இலையே இல்லாமல் மரம் முழுக்கச் செம்பூ. ஆவணி புரட்டாசியில் வெள்வேல் பூக்கும். ஒரே ஒரு தடவைதான் முடியும் என்றால் ஐப்பசி மழை நின்று ஒரு வாரம் கழித்துப் போங்க. கொடி, புல் எல்லாம் உயிர் வந்திருக்கும். பெயர்ப்பலகையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீங்க. ஒரு தோட்டத்தில் குல்மொஹர் என்கிற மயில்கொன்றைக்குச் சரக்கொன்றைப் பலகை மாட்டியிருந்ததைச் சொல்லப் போய், "பூ ரெண்டும் ஒண்ணுதானுங்க மேடம்" என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். மயில்கொன்றை மடகாஸ்கர் மரம்.

நர்சரியில் இனி அறிவியல் பெயரைக் கேட்டு வாங்குங்க. 'சுவீட்டேனியா' என்று ஆரம்பித்தால் மகாகனி, 'யூகலிப்டஸ்' தைலம், 'சமானியா' தூங்குமூஞ்சி. மூன்றையும் வாங்காமல் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்க. வெள்வேலுக்குப் பழைய பலகையில் 'அகேசியா லூகோஃப்ளியா' என்று இருக்கும், புதிதாக எழுதியதில் 'வேச்சிலியா லூகோஃப்ளியா' என்று இருக்கும். இரண்டும் ஒரே மரம்தான், குழம்ப வேண்டாம்.

ஏற்காட்டு அடிவாரம் எழுதியது:

டீச்சர் சொன்னதில் ஏற்காடு பற்றி ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சேலத்திலிருந்து ஏறும் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. அம்மாவுக்குத் தலை சுற்றும் என்றால் காலையில் வயிறு முட்டச் சாப்பிடவிடாமல், முன் சீட்டில் உட்கார வையுங்க. ஆர்க்கிட் தோட்டத்தில் சரிவும் படியும் உண்டு. முழங்கால் வலிக்காரர்கள் முழுக்கச் சுற்ற முடியாது. வார நாளில் காலையிலேயே வந்தால் கூட்டமும் இருக்காது, தோட்டத்து ஆட்களும் நின்று பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ரோட்டிலேயே பாதி நாள் போய்விடும்.

மேட்டாங்காட்டான் எழுதியது:

டீச்சருங்க, ரொம்ப நன்றி. நேற்றே வேலியைச் சுற்றினோம். கிளுவை இன்னும் மூன்று பக்கம் இருக்கிறது. மகள் எடுத்த படத்தில் ஒரு கொடி, இலை நுனி சுருண்டு பக்கத்துக் கொப்பைப் பிடித்திருக்கிறது. அம்மா பார்த்ததும் "கண்வலிக்கிழங்கு, தொடாதே" என்று சத்தம் போட்டார்கள். நாங்கள் அதைக் கம்பி கட்டிப் பயிர் பண்ணுகிறவர்களிடம்தான் பார்த்திருக்கிறோம், எங்கள் வேலியிலேயே இருப்பது தெரியாது.

இன்னொரு சந்தேகம். அப்பா இந்தக் கிளுவையை எடுத்துவிட்டுக் கல்தூண் நட்டு முள்கம்பி போடச் சொல்கிறார். பன்றி, நாய் தொல்லை. கம்பிதான் காலத்துக்கும் நிற்கும் என்கிறார். என்ன செய்யலாம்?

கோபி டீச்சர் எழுதியது:

அம்மா சரியாகச் சொன்னார்கள். அது செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலரே அதுதான். கிழங்கிலிருந்து விதை வரைக்கும் விஷம். கால்சிசின் என்கிற மருந்துச் சரக்கு அதில் இருப்பதால்தான் உங்கள் பக்கம் விதைக்காகப் பயிர் பண்ணுகிறார்கள். பார்க்கலாம், படம் எடுக்கலாம், ஆடு வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்க, மகள் தொட்டால் கை கழுவச் சொல்லுங்க. பூ விரியும்போது தினமும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க. இதழ் பச்சை மஞ்சளில் தொடங்கி, ஓரம் நெளிந்து, மேல்நோக்கி மடங்கி, கடைசியில் முழுச் சிவப்பாகும். சூல்தண்டு ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்திருக்கும், அதையும் கவனிக்கச் சொல்லுங்க. இதைப் பார்க்க ஊர் ஊராக டிக்கெட் எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள் தம்பி.

வேலி விஷயத்தில் அப்பாவோடு சண்டைக்குப் போக வேண்டாம். கம்பி வேண்டும் என்றால் கிளுவைக்கு உள்பக்கமாக ஒரு வரிசை போடட்டும், கிளுவையை ஏன் எடுக்க வேண்டும்? நாலாவது பக்கம் காலியாக இருக்கிறது அல்லவா, அங்கே பழைய வேலியில் இருந்தே கொப்பு வெட்டி நெருக்கமாக நடுங்க. காசு செலவில்லை. கிளுவையை எடுத்தால் அதன்மேல் ஏறிய கொடி அத்தனையும் போகும், அடியில் முட்டை வைக்கிற கௌதாரியும் போகும். அப்பாவிடம் கௌதாரியைச் சொல்லிப் பாருங்க, மனசு இளகினாலும் இளகும்.

பட்டிக்காரர் எழுதியது:

நான் செம்மறி வைத்திருப்பவன், தோட்டம் பற்றித் தெரியாது. வெள்வேல் பற்றி மட்டும் சொல்கிறேன். கன்று வாங்கிக் காசைக் கரியாக்காதீங்க. காய் உதிரும் காலத்தில் ஆட்டை மேயவிட்டு, எங்கே மரம் வேண்டுமோ அங்கே பட்டி போடுங்க. ஆடு தின்ற காயின் விதை புழுக்கையோடு விழுந்து, மழை வந்ததும் தானாக முளைக்கும். வயிற்றுக்குள் போய் வந்த விதைதான் சீக்கிரம் முளைக்கிறது. முளைத்த பிறகு அதே ஆட்டை உள்ளே விட்டால் மொட்டையடித்துவிடும். தேறுகிற கன்றைப் பார்த்து இலந்தை முள்ளைச் சுற்றி வைத்துவிடுங்க. சீமைக்கருவேலமும் இதே மாதிரிதான் ஆடு மாடு வழியாகப் பரவுகிறது. அதைக் காயோடு விட்டுவிட்டு ஆட்டை மட்டும் மேய்த்தால், எடுத்த இடத்திலேயே மறுபடி வந்து நிற்கும். முதலில் அதை எடுங்க, அப்புறம் பட்டி. அடியில் கொழுக்கட்டைப் புல் இருந்தால் உழுதுவிடாதீங்க. அதுதான் கொறங்காட்டின் சொத்து.

மேட்டாங்காட்டான் எழுதியது:

பட்டிக்காரர் அண்ணா, இது யாரும் சொல்லாத விஷயமுங்க. காடு முழுக்க உழுதுவிட ஆள் சொல்லி வைத்திருந்தேன், இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழை முடிந்ததும் அம்மாவோடு கோயமுத்தூர். ஏற்காடு மகளும் நானும் மட்டும், வார நாளில் ஒரு நாள் லீவு போட்டு. டீச்சருங்க, லென்ஸ் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுவதாக வாங்க வேண்டும்?

கோபி டீச்சர் எழுதியது:

10 மடங்கு போதும். அதற்கு மேல் போனால் கை ஆடும், ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு முகத்தைப் பூவுக்குப் பக்கத்தில் கொண்டு போகச் சொல்லுங்க. பிள்ளைகள் பூவைப் பறித்து லென்ஸுக்குக் கொண்டு வருவார்கள், தோட்டத்தில் அதைச் செய்தால் திட்டு விழும். கீழே உதிர்ந்த விதையையும் கேட்காமல் எடுக்க வேண்டாம். கேட்டால் சில சமயம் அவர்களே கொடுப்பார்கள்.